வில்லுப்பாட்டுக் குழுவைப் படம் பிடிப்பது எப்படி: கொடை மேடையிலிருந்து திரைக்கும் வீட்டு விசேஷத்துக்கும்

நெல்லைச் சீமைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் வில்லடித்துக் கதை பாடும் வில்லுப்பாட்டு விஷயத்தில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறுகிறார்கள். சென்னையில் இசை ட்ராக் போட்டு முடித்து, அதைப் போனில் கொண்டுவந்து, குழுவின் தலைமைப் பாடகரான புலவர் காதில் ஹெட்போனை மாட்டி, "இதுக்கு மேல பாடுங்க" என்கிறார்கள். சுருதி எட்டாது, வேகம் ஒட்டாது, புலவரின் வரிக்கு 'ஆமா' போடுகிற பின்பாட்டுக்காரருக்கு இடமே இருக்காது. அரை நாள் வீணான பிறகு, "இவங்களுக்கு சினிமாவுக்குப் பாட வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு ட்ராக்கில் இருக்கிறது. குழு எப்படி உட்காருமோ, எந்தச் சுருதியில் பாடுமோ, அதற்கு மைக்கும் கேமராவும் இசையமைப்பாளரும் இணங்கி வந்தால் ஒரே மாலையில் வேலை முடியும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

இந்தக் கலைக்குத் திரை புதிது அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில் பக்கத்து வில்லிசையிலிருந்து சினிமாவுக்குப் போனவர். நெல்லையை ஒட்டிய சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் கலைவாணரோடு வேலை பார்த்து, வில்லைச் சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். மற்ற ஊர்ப் பாடகர்களைப் பார்த்தால் 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி, 2003-இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா. நெல்லைக் கூத்துக் கலைஞர் தங்கராஜ் 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகனின் அப்பாவாக வந்தார். இவர்கள் திரையில் நின்றதற்குக் காரணம், தாங்கள் ஊரில் பாடியதையும் ஆடியதையும் திரையிலும் செய்ய இடம் கிடைத்தது.

குழுவும் தேதியும்

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டல அலுவலகம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருக்கும் கலைஞர்கள் என்று விசாரிக்கத் தொடங்கலாம். ஆனாலும் நல்ல வழி, ஒரு கொடைக்கு, அதாவது ஊர்க்கோவில் திருவிழாவுக்கு, போய் நேரில் கேட்பது. யூடியூப்பில் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுத்தால் எக்கோ போட்ட குரலைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். முன்பாட்டுக்காரரின், அதாவது கதையை முன்னின்று பாடும் புலவரின், குரலை மட்டும் பார்க்காதீர்கள். மண்குடம் அடிக்கும் குடக்காரர் யார், பின்பாட்டு எவ்வளவு கெட்டியாக விழுகிறது என்று பாருங்கள். படத்தில் சத்தமாய் நிற்கப்போவது அதுதான். இன்று பெண்கள் முன்பாட்டுப் பாடும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் கதை சொல்லும் தெளிவு திரைக்கு அப்படியே பொருந்தும்.

கொடை மாதங்களில் செவ்வாயும் வெள்ளியும் கேட்காதீர்கள். அந்தத் தேதிகள் கோவிலுக்கு முன்பே பேசியாகிவிட்டிருக்கும். குலசேகரன்பட்டினம் தசரா நடக்கும் நாட்களிலும் கலைஞர் கிடைப்பது கடினம். விடிய விடியக் கொடை பாடிய மறுநாள் பதிவு வைத்தால் மேல் ஸ்தாயியில் குரல் கம்மும். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். பேசி முடித்ததும் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்து, அதை எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பேச்சிலேயே, "அண்ணாச்சி, கதை இதுதான். இதுல உங்களுக்கு எந்த இடம் பாடத் தோணுது, அதச் சொல்லுங்க" என்று கேட்டால், நீங்கள் எழுதிவைத்த சூழலைவிடப் பொருத்தமான ஒன்றை அவரே எடுத்துக் கொடுப்பார்.

உட்காரும் முறையைக் கலைக்காதீர்கள்

வில் பத்தடிக்குக் குறையாது. நல்ல பனை வயிரத்திலோ மூங்கிலிலோ இரும்பிலோ செய்து, தோல் நாண் பூட்டி, வில்லின் உடம்பெங்கும் மணி கட்டியிருப்பார்கள். வளைவு கீழே, நாண் மேலே. வில்லின் நடு, வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்த மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். முன்பாட்டுக்காரர் நடுவில் இருந்து வீசுகோலால் நாணை அடிப்பார். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் தட்டுவார். உடுக்கை, தாளம், கட்டை இரு பக்கமும் இருக்கும். யார் யாருக்கு எதிரே என்பது குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். ஆனால் ஒருவர் கண் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பது எல்லாக் குழுவுக்கும் பொது. தாளம் மாறும் இடத்தைப் பாடகர் கண்ணாலும் கோலை ஓங்கும் விதத்தாலும்தான் காட்டுவார். ஃப்ரேம் அழகாக வரட்டும் என்று எல்லாரையும் கேமராவைப் பார்த்து வரிசையாக உட்காரவைத்தால், அடுத்த பாட்டிலேயே குடத்தின் தாளம் அரைத் தட்டுப் பிந்தும்.

தரையில் நேராகப் போடாமல் ஒரு அடி உயரத்தில் 16-க்கு 10 அடி மேடை போடுங்கள். பலகை ஆடக்கூடாது, ஆடினால் குடத்தின் அதிர்வு மரத்தில் ஏறி ஒலியில் 'தொம்' என்று விழும். பலகைக்கு மேல் சாக்கும், அதன்மேல் ஜமுக்காளமும் போதும்.

குடம் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். விரிசல் விழுந்தால் மாற்றுக் குடத்தின் ஒலி வேறாக இருக்கும். காலையில் எடுத்த டேக்கோடு ஒட்டாது. அதனால் தொடங்கும் முன்பே இரண்டு குடத்தையும் தனித்தனியே ஒரு நிமிடம் அடிக்கவைத்துப் பதிந்து வையுங்கள்.

சுருதி

சுருதியை முதல் பாட்டில் அளக்காதீர்கள். கால் மணி நேரம் பாடி, குரல் சூடேறிய பிறகு அளந்தால்தான் அவர் கதை முழுக்க நிற்கப்போகும் இடம் தெரியும். பெரும்பாலும் அது தொடக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆர்மோனியம் வைத்துக்கொள்ளும் குழுவானால் எத்தனை கட்டைச் சுருதி என்று கேட்டாலே போதும். இசையமைப்பாளருக்கு 'நாலு கட்டை' என்று சொன்னால் 'எஃப்' என்றும், 'அஞ்சு கட்டை' என்றால் 'ஜி' என்றும் எடுத்துக்கொள்வார். பின்னணி இசை அதற்குப் பிறகுதான் எழுதப்பட வேண்டும்.

உடுக்கையை நம்பி ஒரு நாள் முழுக்க எடுக்க முடியாது. தோல் ஈரத்தில் தளரும், சூட்டில் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் குற்றாலச் சாரல் விழும் தென்காசிப் பக்கத்திலும் அரை மணிக்கு ஒரு முறை இறங்கிவிடும். படப்பிடிப்பு விளக்கின் கீழ் வைத்தால் ஏறிவிடும். மண்குடம் மாறாது. ஆகவே ஒரே பாட்டின் இரண்டு டேக்கை ஒட்டும்போது குடம் சரியாகவும் உடுக்கை மட்டும் வேறாகவும் கேட்கும். எடிட்டர் காரணம் புரியாமல் தவிப்பார். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதிப்பெட்டியின் ஒலியைப் பத்து விநாடி பதிந்து, உடுக்கைக்காரர் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இழுத்துச் சரிசெய்ய நேரம் கொடுங்கள். கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்பறை சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களையும் தீயில் காட்டித்தான் ஏற்றுவார்கள். ஏசி அரங்கானாலும் அதற்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கித் தாருங்கள்.

காதில் 'டிக் டிக்' என்று ஒரே வேகம் காட்டும் கிளிக் ட்ராக் வேண்டாம். வில்லுப்பாட்டின் வேகம் கதையோடு ஏறி இறங்குவது. முதலில் குழுவைத் தன் போக்கில் பாடவைத்துப் பதியுங்கள். பிறகு அந்தப் பதிவின் அடிகளைக் கணினியில் குறித்து, மற்ற வாத்தியங்களை அந்த வேகத்துக்கு வாசிக்கவையுங்கள். இந்த வரிசை தலைகீழானால் கதை செத்துப்போகும்.

மைக்

சட்டையில் குத்தும் சிறு மைக்கை முன்பாட்டுக்காரருக்குப் போட வேண்டாம். கோலை ஓங்கும்போது துண்டும் மாலையும் அதில் உரசும். வில்மணியும் உள்ளே கொட்டும். ஸ்டாண்டில் ஒரு டைனமிக் கார்டியாய்டு மைக்கை வாய்க்கு அரை அடியில், சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி வையுங்கள். அதன் முதுகு வில்லைப் பார்த்து இருக்க வேண்டும். கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். 'படத்தில் மைக் தெரிகிறதே' என்ற கவலை தேவையில்லை. கொடை மேடையில் மைக் இருக்கத்தான் செய்யும். மறைத்தால்தான் பொய்யாகத் தெரியும்.

பின்பாட்டுக்கு இரண்டு பேருக்கு ஒரு மைக், ஒரு அடி தள்ளி. உடுக்கைக்கு ஒன்றரை அடி. குடத்துக்கு ஒரு அடி, ஆனால் வாய்க்கு நேராக அல்ல. பத்தி அடிக்கும்போது உள்ளிருந்து காற்று பீறிட்டு வந்து மைக்கை முட்டும், பக்கவாட்டில் சாய்த்தால் தணியும். கூடவே மேடைக்கு முன்னே ஆறடி உயரத்தில் ஒரு ஜோடி கண்டென்சர் மைக் வைத்துவிட்டால் வில்மணியும் முழுக் குழுவின் கூட்டொலியும் அதில் வரும். பாதிப் பாட்டுக்கு அந்த ஜோடியே போதுமானதாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து மைக்குகளின் இடைவெளி, ஒவ்வொன்றும் தன் வாய்க்கோ வாத்தியத்துக்கோ உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லையேல் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலியும்.

ஒலிப்பதிவு அளவு வைப்பதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒத்திகையில் குழு மெதுவாக அடிக்கும். கதை சூடுபிடித்ததும் குடம் இரண்டு மூன்று மடங்காய் முழங்கும். போர் அல்லது கோபம் வரும் ஒரு பகுதியை முழு வேகத்தில் பாடச் சொல்லி, அப்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். பெரிய சத்தத்தையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் கருவி இருந்தாலும் மைக்கே திணறினால் அது காப்பாற்றாது.

வெளியில் எடுப்பதானால் இடமும் மாதமும் முக்கியம். வைகாசி முதல் புரட்டாசி வரை பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நாள் முழுக்க அடிக்கும். மைக்குக்கு வெறும் பஞ்சுறை தாங்காது, மயிருறையும் தடுப்புத் துணியும் வேண்டும். விடிகாலையில் மயில் அகவும். ஒவ்வொரு டேக்கிலும் ஒன்றாவது விழும். வயல் பக்கம் என்றால் மோட்டார் ஓடும் நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். கொடை நடக்கும்போதே எடுக்கிறீர்கள் என்றால் ஒலிபெருக்கிக்காரரிடம் தன்மையாகப் பேசி, அவருடைய மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்குவதே வழி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு தரும் விலக்கும் நள்ளிரவு 12 வரைக்குத்தான். செட் போட்டு எடுக்கும் இரவுக் காட்சிக்கும் இது பொருந்தும்.

கேமரா

வில்லின் முழு நீளமும் இரு பக்கமும் இருப்பவர்களும் ஃப்ரேமில் வர வேண்டுமானால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 எம்எம் லென்ஸோடு ஏறக்குறைய 18 அடி பின்னால் போக வேண்டும். கூடம் சிறிதென்றால் 24 எம்எம் போடலாம். ஆனால் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபடும். கேமரா, உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நாண் தெரியாது. முன்பாட்டுக்காரரின் தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். வீசுகோலைச் சுழற்றி மேலே வீசிப் பிடிப்பார், அந்த வீச்சு வெட்டுப்பட்டால் காட்சியே போய்விடும். இரண்டாவது கேமரா கைகளுக்கு, மூன்றாவது பின்பாட்டுக்கு.

மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு முழுப் பகுதியையும் ஒரே மூச்சில் எடுங்கள். பின்பு உதட்டசைவுக்காகத் திரும்பப் பாடச் சொன்னால் சொல்லே மாறியிருக்கும். புலவர் அடிகளை இடத்துக்கேற்பக் கட்டிப் பாடுகிறவர். எந்த டேக்கின் ஒலியோ, அந்த டேக்கின் படம். ஒத்திசைக்கத் தனி கிளாப்கூட வேண்டாம், குடத்தின் முதல் அடியே போதும்.

கோவில் சீரியல் விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னுவதால் ஷட்டர் 50-இல் ஒரு பங்கு விநாடியில் இருக்கட்டும். 24 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி.

படத்தில் ஒன்றரை நிமிடம்தான் வரப்போகிறது என்றாலும் காப்பு, குருவடி, அவையடக்கம் என்ற தொடக்கப் பாடல்களைப் பாடிவிட்டுக் கதைக்கு வர விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் குரலும் குடமும் ஒன்றுக்கொன்று பழகும். எடிட்டிங்கில் எதை வெட்டினாலும் பின்பாட்டின் 'ஆமா'வை வெட்டாதீர்கள். அடுத்த வரி அதன் மேல்தான் ஏறி நிற்கிறது. முடிவில் வாழி பாடாமல் எழுந்திருக்கச் சொல்வதும் சரியல்ல.

சாமியை இறங்கிவர அழைக்கும் சாமி வரத்துப் பாடும் பகுதியை மட்டும் சும்மா காட்சிக்காகக் கேட்க வேண்டாம். சுடலைமாடன், இசக்கி கதைகளில் அந்த அடி வந்தால் சுற்றி நிற்பவர் எவருக்கும் அருள் வரலாம். துணை நடிகர்களில் குலதெய்வக்காரர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டுமானால் அந்தப் பகுதியை நடிகர்கள் இல்லாமல், குழுவும் கோவில்காரர்களும் சம்மதித்த இடத்தில் தனியாகப் பதியுங்கள்.

பாடகரே நடிக்கும்போது

வசனத் தாளைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மேடையில் கதை சொல்லிப் பழகியவருக்குச் சூழ்நிலை போதும். "மகன் சொல்லாம ஊருக்குப் போயிட்டான், இப்பதான் தெரியுது" என்று சொல்லிவிட்டால், "எய்யா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கப்படாதா?" என்று அவரே பேசிவிடுவார். அதை மதுரைப் பேச்சாகவோ சென்னைப் பேச்சாகவோ திருத்தாதீர்கள். மேடைப் பழக்கத்தால் குரல் பெரிதாக வரும். "சத்தத்தக் குறைங்க" என்பதற்குப் பதில் எதிரே நடிப்பவரை மூன்றடிக்குள் உட்காரவைத்தால் தானாகத் தணியும். வில் அருகில் இருக்கிற வசனக் காட்சியில் மணிகளைத் துணியால் கட்டிவிடுங்கள், யார் கால் பட்டாலும் சலசலக்கும்.

வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால்

காதுகுத்து, பால்காய்ப்பு, கல்யாண வரவேற்பு எதுவானாலும் ஒன்றரை மணி நேரம் அளவானது. கதைத் தேர்வில் கவனம் வேண்டும். நல்லதங்காள் கதையும் பாபநாசம் மலையடிவார முத்துப்பட்டன் கதையும் எவ்வளவு உயர்ந்தவையானாலும் சாவில் முடிபவை. கல்யாண வீட்டில் வேண்டாம். வள்ளி திருமணம் எல்லாருக்கும் பொருந்தும். சாதிப் பெயரோடு பின்னிய கதைகளை, கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று தெரியாமல் கேட்காதீர்கள்.

வாழ்த்தில் சேர்க்க வேண்டிய பெயர்களை மூன்று நாள் முன்னதாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: குலதெய்வம், தாத்தா பாட்டி, தாய்மாமன்மார் வரிசை. தாய்மாமன் பெயர் ஒன்று விட்டுப்போனாலும் சீர்த் தட்டு வைக்கும் இடத்தில் மனஸ்தாபம் வரும். வீட்டில் இரண்டு பேர் அந்தப் பட்டியலைச் சரிபார்த்த பிறகே புலவரிடம் போகட்டும். சாப்பாட்டுப் பந்தி ஓடும் நேரத்தில் பாட்டை வைக்காதீர்கள். பாத்திரச் சத்தத்தில் கதை போய்விடும், குழந்தைகளும் கேட்கமாட்டார்கள். பந்திக்கு முன் வைத்தால், முன்வரிசையில் ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகளை உட்காரவையுங்கள். பின்பாட்டோடு சேர்ந்து அவர்களே 'ஆமா' போடத் தொடங்கிவிடுவார்கள். கதை இடைவேளையில் சினிமாப் பாட்டு ஓடினால், வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது உரிமைக் கோரல் வந்து ஒலியே முடக்கப்படலாம். பாட்டு நடக்கும் நேரத்திலாவது அதை நிறுத்திவையுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

பாடிப் பதிவதற்கு ஒரு தொகை, திரையில் தோன்றுவதற்கு ஒரு தொகை, வண்டி, சாப்பாடு, ஒத்திகை நாள் என்று தனித்தனியே எழுதுங்கள். 'மொத்தமா பார்த்துக்கலாம்' என்ற பேச்சில் நஷ்டப்படுவது எப்போதும் குடக்காரரும் பின்பாட்டுக்காரர்களும்தான். ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கில் பணம் போகட்டும்.

பழைய கதையும் மெட்டும் எவருக்கும் தனிச் சொத்து அல்ல. ஆனால் உங்கள் படத்துக்காகப் புலவர் புதிதாகக் கட்டிய வரிகள் அவருடைய படைப்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை எழுத்தில்தான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். வெளிநாட்டு வெளியீடும் ஓடிடியும் நினைப்பில் இருந்தால் இதைத் தயாரிப்பாளர் மறக்கக்கூடாது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியே 50 ஆண்டு உண்டு. படத்தில் சேர்க்க அவர் எழுதிச் சம்மதித்துவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, பிறகு தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கான ராயல்டி அப்போதும் அவருக்கு உரியது. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன் முழுக்க வாசித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகள் பாடினால் விதிகள் தனி. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும்.

டைட்டிலில் 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று மொத்தமாகப் போடாமல் பெயர், ஊர், வாத்தியம் மூன்றையும் போடுங்கள். பெயரின் எழுத்தை அவரவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் பிழை வராது. மிக்ஸ் முடிந்ததும் முழுப் பாட்டின் ஒலிக்கோப்பையும் வெட்டாத ஒரு கேமராப் பதிவையும் பென்டிரைவில் போட்டு முன்பாட்டுக்காரரிடம் கொடுங்கள். அடுத்த கொடை பேச வருகிறவர்களிடம் காட்ட அவருக்கு அது வேண்டும்.